பதினோராம் தேதிக் கட்டம்

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பேருந்தில் உட்கார்ந்து, அக்டோபர் வருகைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அப்படியே நவம்பர் தாளை நிரப்பினேன். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று தோன்றவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் தேதி காலையில் அந்தக் கட்டத்தைப் பார்த்தேனே, அதை என்ன செய்வது? பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன். அதையும் சொல்ல வேண்டுமா?

கவுண்ட்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து நெரைதா ஒல்வேரா இந்தக் கேள்வியோடுதான் எழுந்தாள், படுத்தாள். உங்கள் நவம்பர் மாத வருகைத் தாளில் முரண்பாடு காணப்படுகிறது, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் அலுவலரைச் சந்திக்கவும் என்று அதில் இருந்தது. பதினோராம் தேதி, முன்னாள் ராணுவத்தினர் தினத்தன்று கல்லூரி பூட்டிக் கிடந்தது. நெரைதாவின் தாளிலோ அன்று ஆறு மணி நேரம் நர்சிங் வகுப்பில் இருந்ததாக நீல மையில் எழுதியிருந்தது.

தாளை மாதத் தொடக்கத்திலேயே நிரப்பி வைப்பது அவள் மட்டும் செய்யும் காரியமல்ல. ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டு படிக்கிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலையிலோ படிப்பிலோ இருந்ததாகக் கவுண்ட்டிக்குக் காட்டினால்தான் குழந்தைக் காப்பகத்துக்கும் பேருந்துக்கும் அவர்கள் பணம் கட்டுவார்கள். வகுப்பு நேரம் மாறுவதில்லை. ஆகவே ஒரே மூச்சில் எழுதிவிட்டு, வாரக் கடைசியில் ஆசிரியையிடம் நீட்டினால் அவர் சுருக்கொப்பம் போட்டுத் தருவார். அந்த வாரத்துக்கும் போட்டுத் தந்தார். செவ்வாயன்று வகுப்பே எடுக்காத ஆசிரியை, அன்று வகுப்பு நடந்ததற்குச் சாட்சி சொல்லியிருந்தார். அவர் பார்க்கவில்லை.

நெரைதா பார்த்தாள். அடித்து எழுதியிருந்தால் தாள் திரும்பி வந்திருக்கும்; அடித்தல் திருத்தல் உள்ள தாளை அலுவலகம் ஏற்பதில்லை. புதுத் தாளில் எழுதலாம் என்றால், முதல் வாரம் முதியோர் இல்லத்தில் செய்த பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்ட மேற்பார்வையாளர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். கையெழுத்தில்லாத தாளும் திரும்பி வரும். இதையெல்லாம் அவள் அன்று காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அரை நிமிடத்தில் நினைத்து முடித்துவிட்டாள். அந்த அரை நிமிடம்தான் இப்போது அவளை அறுத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அந்த ஆறு மணி நேரம் இல்லாமலே அவள் காட்ட வேண்டிய நேரம் நிறைந்திருந்தது. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொய்.

வியாழக்கிழமை காலை மூடுபனி. இலையுதிர்ந்த பாதாம் தோப்புகள் இருபுறமும் இருப்பதாக நம்பிக்கொண்டுதான் பேருந்து ஊர்ந்து வந்தது. பள்ளிகள் பனி அட்டவணைக்கு மாறி இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்ததால், எட்டு வயது மகள் இட்ஸெலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாலு வயது மகன் புரூனோவைக் காப்பகத்தில் இறக்கிவிட்டு, பதினொன்றரைக்குத்தான் கவுண்ட்டி அலுவலகத்துக்குள் நுழைந்தாள். சீட்டு இயந்திரம் எண்ணைத் துப்பியது. கூடம் நிரம்பி வழிந்தது.

"ஏய் ஒல்வேரா! உன்னையும் கூப்பிட்டுட்டாங்களா? இங்க வா. இந்த வரிசையில ஆடாத நாற்காலி இது ஒண்ணுதான், உனக்குன்னே பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு பாரு."

டார்லா தன் கைப்பையை எடுத்து இடம் விட்டாள். நாற்பதைத் தாண்டியவள், சிவந்த முகம், எப்போதும் வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பாள். மூன்று வருடத்துக்கு முன், இந்த உதவித்தொகைத் திட்டத்தில் சேர்ந்த முதல் வாரத்து அறிமுக வகுப்பில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி குத்தம் பண்ணின?"

"தாள்ல தப்பு."

"தாள்ல தப்பு பண்ணாதவ யாரு? நான் ஒரு தடவை பிப்ரவரி முப்பதாம் தேதி மூணு கடையில வேலை கேட்டதா எழுதிக் குடுத்தேன். கடை பேரு, மேனேஜர் பேரு எல்லாம் போட்டு."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஏத்துக்கிட்டாங்க! அந்த மாசம் என்னை மாதிரி மும்முரமா வேலை தேடினவ யாருமில்லைன்னு பாராட்டு வேற."

நெரைதாவுக்குச் சிரிப்பு வந்தது.

டார்லா குரலைத் தாழ்த்தினாள். "கவனமா இரு. இன்னிக்கு கிடங்குக்காரங்க வந்திருக்காங்க. உள்ள மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா. கிறிஸ்துமஸ் பார்சல் கட்ட ஆள் வேணுமாம். உள்ள போற எல்லாரையும் அவகிட்டதான் தள்ளி விடுறாங்க."

"நீ போறியா?"

"போகாம? போன வருஷமும் போனேன், அதுக்கு முந்தின வருஷமும் போனேன். ஜனவரி கடைசியில 'நன்றி டார்லா'ன்னு ஒரு மெயில் வரும். பிப்ரவரியில மறுபடி இங்க வந்து, நேர்காணல்ல எப்படிக் கை குலுக்குறதுன்னு பாடம் படிப்பேன். குலுக்கிக் குலுக்கித் தோள்பட்டையே எறங்கிப் போச்சு. இன்னொரு தடவை உக்கார வச்சாங்கன்னா வகுப்பை நானே எடுத்துடுவேன்."

"இந்த வருஷம் நிரந்தரமாக் கூட ஆக்கலாம் டார்லா."

"ஆக்குவாங்க, ஆக்குவாங்க." டார்லா அவள் தொடையில் தட்டினாள். "உனக்குப் படிப்பு எவ்வளவு மிச்சம்?"

"மே மாசம் முடியுது."

"அப்ப உன் விஷயம் வேற," என்றாள் டார்லா. அவள் எண் திரையில் வந்துவிட்டது. எழுந்தவள் குனிந்து, "அவங்க சிரிச்சுப் பேசினா, நீட்டுற தாளை ரெண்டு தடவை படிச்சுப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொலைபேசி அதிர்ந்தது. ஒடிலியா. பாதாம் ஆலையில் இடைவேளை மணி அடித்ததும் அக்கா செய்கிற முதல் வேலை இதுதான்.

"உள்ள போனியா?"

"இன்னும் இல்லக்கா."

"கேளு. அந்தம்மா எங்க விரலை வைக்கிறாங்களோ அங்க கையெழுத்தைப் போட்டுட்டு வந்துரு. வாயைத் திறக்காத. புரூனோவோட காப்பகத்தை நிறுத்திட்டாங்கன்னா நீ எந்தக் கிளாஸுக்குப் போவ? என்னை நம்பாத, எனக்கு ஷிஃப்ட் இருக்கு."

"மே மாசம் வரைக்கும்தானேக்கா."

"மே மாசம் வரைக்கும் புள்ள காத்துல தொங்குமா? பெரிய நர்ஸு!" என்றாள் ஒடிலியா. பிறகு உடனே, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்," என்று நெரைதா பொய் சொன்னாள். இது எண்ணிக்கையில் வராத பொய்.

விரல் வைத்த இடத்தில் கையெழுத்து. அம்மாவும் அப்படித்தான். இதே கட்டடம்; அப்போது சுவர் பச்சையாக இருந்தது. ஒன்பது வயது நெரைதா அம்மாவுக்கும் அலுவலருக்கும் நடுவே நின்று, இந்தப் பக்கத்து ஆங்கிலத்தை அந்தப் பக்கம் ஸ்பானிஷாக மாற்றிக் கொடுப்பாள். வீட்டில் வேறு ஆண் யாராவது இருக்கிறாரா என்று உன் அம்மாவிடம் கேள். அப்பா எங்கே போனார் என்று கேள். அம்மாவின் பதில் நீளமாக இருக்கும். அதில் அழுகை இருக்கும், அப்பாவைப் பற்றிய வசவு இருக்கும். நெரைதா அதைச் சுருக்கி, "இல்லை, தெரியாது," என்பாள். எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது போல. பன்னிரண்டாம் தேதி பேருந்து நிறுத்தத்தில் அவள் செய்ததும் அதே சுருக்கும் வேலைதானோ என்று இப்போது தோன்றியது. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதை விரட்டாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அவள் எண் வந்தது.

அவளுடைய அலுவலர் மிஸஸ் ஸியோங் ஐம்பதை நெருங்கும், ஆசிய அகதிகளான ஹ்மோங் இனத்துப் பெண்மணி. தடுப்புகளால் ஆன அவருடைய சின்ன அறையில் மேசைக்கடியில் ஒரு குட்டி ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டார். காத்திருந்து களைத்து வருபவர்களின் குழந்தைகளுக்கென்று இழுப்பறையில் பிஸ்கட் வைத்திருப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"உக்காருங்க நெரைதா. பனியில பஸ் ஓடுச்சா?"

"ஊர்ந்துச்சு மேடம். லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல, இன்னிக்கு எல்லாருமே லேட்டு. பொண்ணு நல்லா இருக்காளா? பல்லு விழுந்துதுன்னு சொன்னீங்களே."

"முளைச்சிருச்சு மேடம். கோணலா."

மிஸஸ் ஸியோங் புன்னகைத்தார். பிறகு நவம்பர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பதினோராம் தேதிக் கட்டத்தைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். நெரைதா தன் கையெழுத்தைப் பார்த்தாள். ஆறு என்ற எண் உருண்டையாக, நிதானமாக, எந்தக் கூச்சமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"இதை நான் கண்டுபிடிக்கல. மேல இருந்து வந்துச்சு," என்றார் மிஸஸ் ஸியோங். "படிப்புல இருக்கிறவங்க தாளையெல்லாம் இந்த மாசம் ஒண்ணொண்ணா பாக்குறாங்க. இது அப்படியே போச்சுன்னா விசாரணைப் பிரிவுக்குப் போகும். வேணும்னே பொய் எழுதினதா அவங்க முடிவு பண்ணலாம். உங்க பங்கு உதவித்தொகை நிக்கும். காப்பகத்துக்குக் கட்டுறதும் நிக்கும்."

"புரூனோவுக்குமா?"

"குழந்தைங்க பங்கைத் தொடமாட்டாங்க. ஆனா நீங்க திட்டத்துல இல்லைன்னா காப்பகம் எதுக்குன்னு கேப்பாங்க." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இன்னொண்ணு. மோசடின்னு பேரேறிடுச்சுன்னா, நாளைக்கு நர்ஸ் உரிமத்துக்கு எழுதிப் போடும்போது அதையும் கேப்பாங்க. நான் பயமுறுத்தல. நடக்கிறதைச் சொல்றேன்."

இதை நெரைதா யோசித்திருக்கவில்லை. காப்பகம் போகும், பேருந்துச் சீட்டு போகும் என்றுதான் மூன்று நாளாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துக்கு அப்பால் இருப்பதும் போகலாம் என்று இப்போதுதான் தெரிந்தது.

மிஸஸ் ஸியோங் அச்சடித்த வேறொரு தாளை எடுத்து, அவள் படிக்க வசதியாகத் திருப்பி வைத்தார். அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு அம்புக்குறி காட்டியது.

"அதுக்குத்தான் இதைத் தயார் பண்ணி வச்சேன். திட்டத்தை மாத்திக்கலாம். படிப்பிலிருந்து வேலைக்கு. கிடங்குல திங்கக்கிழமையிலிருந்து ஆள் எடுக்குறாங்க, பகல் ஷிஃப்ட்டே வாங்கித் தரேன். உங்க படிப்புக் கோப்பை மூடிட்டா இந்தப் பழைய தாளை யாரும் திறக்கமாட்டாங்க. காப்பகம் அப்படியே நடக்கும். உங்களுக்கும் நல்லது." பிறகு ஹீட்டரைப் பார்த்தபடி, "எங்க பிரிவுக்கும் இந்த மாசம் வேலைக்கு அனுப்பினவங்க எண்ணிக்கை குறைவா இருக்கு, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

"படிப்பு?"

"அப்புறம் படிக்கலாமே. சின்ன வயசுதானே."

"இதை விட்டா மறுபடி காத்திருப்புப் பட்டியல்ல கடைசியில நிக்கணும் மேடம். போன தடவை உள்ள நுழையவே ரெண்டு வருஷம் ஆச்சு."

"தெரியும்," என்றார் மிஸஸ் ஸியோங். உண்மையிலேயே தெரிந்தவரின் குரலில்தான் சொன்னார். "எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் அந்தக் கூடத்துல உக்காந்திருக்கேன் நெரைதா. ஒரு தாள் ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

நெரைதா தாளைப் படித்தாள். டார்லா சொன்னபடி இரண்டு முறை படித்தாள். நர்சிங் படிப்பிலிருந்து எனது சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன். வேலையில் சேர்வதே எனக்கும் என் குடும்பத்துக்கும் ஏற்றது என்று நானே முடிவு செய்துள்ளேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

எழுதியவர் யாரோ, வார்த்தைகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன. யாரும் கத்தவில்லை, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய், காப்பகத்திலிருந்து புரூனோவைக் கூட்டிக்கொண்டு, வழியில் ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம். அக்கா நிம்மதியாக மூச்சு விடுவாள். ஒரு கணம் அந்த நிம்மதி நெரைதாவின் தோள்களிலேயே வந்து இறங்கியது. எவ்வளவு களைத்துப் போயிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், முதியோர் இல்லத்தில் ஒரு கிழவரின் கையில் பட்டையைச் சுற்றி, காதில் குழாயை மாட்டி, ரத்த அழுத்தம் பார்த்தாள். முதல் துடிப்பு எங்கே கேட்கிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக் கேட்டாள். "எவ்வளவு ஒல்வேரா?" என்று கதவருகே இருந்து நர்ஸ் கேட்டார். சொன்னாள். அவர் மறுபடி பார்க்கவில்லை. அவள் சொன்ன எண்ணை அப்படியே ஏட்டில் எழுதி, அதை வைத்துக் கிழவருக்கு அன்றைய மாத்திரையை நிறுத்தினார். அன்று முழுவதும் நெரைதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள் சொன்ன ஒன்றை, சீட்டோ சான்றோ கேட்காமல், யாராவது நம்பியது அதுதான் முதல் முறை.

அதே வாயால், அதே கையால், பதினோராம் தேதி ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தாள். அந்தக் கூச்சம்தான் மூன்று நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. தண்டனைப் பயம் அதற்குப் பிறகுதான். எதற்குப் பயப்படுகிறோம் என்பது இப்படிப் பிரிந்து தெரிந்ததும் மனம் வினோதமாக அமைதியடைந்தது.

"மேடம், இந்தப் பதினோராம் தேதி எப்படி ஆச்சுன்னு நான் எழுதிக் குடுக்க வழி இருக்கா?"

மிஸஸ் ஸியோங் நிமிர்ந்தார். "காரண விளக்கப் படிவம் இருக்கு. கேட்டா குடுக்கணும்னு விதி. யாரும் கேக்குறதில்ல."

"எனக்கு ஒண்ணு குடுங்க."

அவர் எழுந்து போய்ப் படிவத்தை எடுத்து வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம், மஞ்சள் சட்டைப் பெண்ணிடம் டார்லா, "பார்சல் கட்டுற வேலைக்கு என்ன நேர்காணல்? வேணும்னா கை குலுக்கிக் காட்டவா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

நெரைதா எழுதினாள். நிறுத்தி நிறுத்தி, அடித்தல் திருத்தல் வராதபடி. பேருந்தில் மாதம் முழுவதற்கும் சேர்த்து எழுதியதை எழுதினாள். விடுமுறை என்பது நினைவில்லாததை எழுதினாள். கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. இது தேவையா, தேவையில்லையா என்று பழைய ஒன்பது வயதுப் பெண் உள்ளே கணக்குப் போடத் தொடங்கினாள். நெரைதா அவளைப் பேசி முடிக்க விடவில்லை. மறுநாள் காலையில் தவறைப் பார்த்தேன், தாள் திரும்பி வந்துவிடும் என்று பயந்து சரிசெய்யாமல் விட்டேன் என்று எழுதி, பெயரைப் போட்டு, தேதியையும் போட்டாள்.

மிஸஸ் ஸியோங் வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேண்டாம் நெரைதா. 'மறந்துட்டேன்'னோட நிறுத்திக்கங்க. மறந்தவங்களை மன்னிச்சு விட்டுடுவாங்க. பாத்துட்டு விட்டவங்களை விடமாட்டாங்க. வேற படிவம் தரேன், எழுதிடுங்க."

"அதுவும் நடந்ததுதானே மேடம்."

"நடந்ததையெல்லாம் எழுதுற இடமா இது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நெரைதா வேறு படிவத்துக்குக் கை நீட்டவில்லை. மிஸஸ் ஸியோங் கடைசி வரியை மறுபடி வாசித்தார். பிறகு தேதி முத்திரையை எடுத்துப் படிவத்தின் மூலையில் குத்தினார், பிரதி எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"இதை அனுப்பினா ஒரு மாசம் ஆகும். ரெண்டு மாசம்கூட ஆகலாம். எப்படி முடியும்னு என்னால சொல்ல முடியாது. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. வருவீங்களா?"

"வருவேன்."

"காப்பகம் நடுவுல நின்னுச்சுன்னா?"

"பாத்துக்கணும் மேடம். எப்படின்னு தெரியல. பாத்துக்கணும்."

"இதுல ஒரு கையெழுத்து." மிஸஸ் ஸியோங் மற்ற தாளை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார். குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது. "இது ஒண்ணு போட்டா அது எதுவுமே தேவைப்படாது. நான் இப்பவே அந்தப் படிவத்தைக் கிழிச்சிடுறேன். யோசிச்சுப் பாருங்க. திங்கக்கிழமை வேலை. குழந்தைக்கு இடம். எல்லாம் அப்படியே இருக்கும்."

நெரைதா யோசித்தாள். அம்புக்குறி காட்டிய இடத்தைப் பார்த்தாள். சொந்த விருப்பத்தின் பேரில் என்ற சொற்களின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள்.

"நீங்க எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியும் மேடம்," என்றாள். "ஆனா இது என் விருப்பம் இல்ல. என் விருப்பம்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

தாளை மிஸஸ் ஸியோங் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனாவையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.